பேப்பர்: காகிதமா, தாளா?

“பேப்பர் வந்துடுச்சா?” என்று காலையில் கேட்டால் நாளிதழ். “மூணு பேப்பர் அரியர்” என்றால் தேர்வு. “பொட்டலம் கட்ட பேப்பர் இருக்கா?” என்றால் வெறும் காகிதம். இடம் பார்த்துப் பொருள் பிடித்துக்கொள்கிறோம்.

ஆங்கிலத்தில் இதற்கு இலக்கணமே வழிகாட்டும். எழுதவும் சுற்றவும் உதவும் சரக்கைச் சொல்லும்போது பேப்பர் எண்ணவியலாப் பெயர். தண்ணீர், மாவு போல. முன்னால் ‘எ’ வராது, பின்னால் ‘ஸ்’ வராது. எண்ண வேண்டுமானால் ‘எ ஷீட் ஆஃப் பேப்பர்’ என்பார்கள். ‘எ பேப்பர்’ என்றதும் அது எண்ணத்தகு பெயராகி நாளிதழையோ வினாத்தாளையோ ஆய்வுக்கட்டுரையையோ குறிக்கும். ‘பேப்பர்ஸ்’ என்றால் ஆவணங்களாகவும் இருக்கலாம். சொல் ஒன்றுதான், பயன்பாடுதான் அதை எண்ண வைக்கிறது.

நைல் கரையில் வளர்ந்த பாப்பிரஸ் ஒரு கோரை. அதன் தண்டின் உட்சோற்றை மெல்லிய கீற்றுகளாகச் சீவி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அழுத்திக் காயவைத்து எகிப்தியர் எழுதினார்கள். கிரேக்கத்தில் பாப்பிரோஸ், லத்தீனில் பாப்பிரஸ், பிறகு பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் பேப்பர். சீனாவில் பிறந்த காகிதம் ஐரோப்பாவுக்குப் போனதும் இந்தக் கோரையின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது.

நம் பக்கம் வருவோம். காகிதம் பாரசீகத்துக் ‘காகஸ்’ வழி வந்தது. கடுதாசி போர்த்துக்கீசியர் விட்டுப்போனது. ‘கடுதாசியில சுத்திக் கொடு’ என்றால் சரக்கு, ‘ஊருக்கு ஒரு கடுதாசி போடு’ என்றால் மடல்; ஆங்கிலப் பேப்பரின் அதே நடை!

தாள் தமிழ்ச் சொல். நெல், கேழ்வரகின் அடித்தண்டுக்கு அதுதான் பெயர். காவிரிப் படுகையில் குறுவை அறுத்த வயலில் அடுத்து நடும் போகம் தாளடி. அங்கே கோரைத்தண்டு, இங்கே நெல்தண்டு. இந்தப் பொருத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆங்கிலம் ‘எ’ போட்டுக் காட்டும் வேறுபாட்டைத் தமிழில் இரண்டு சொற்களால் காட்டலாம்: சரக்குக்குக் காகிதம், எண்ணிக்கைக்குத் தாள். கரும்புச் சக்கையிலிருந்து கரூர்ப் பக்கம் ஆலையில் செய்வது காகிதம். ஒரு ரீமில் இருப்பது 500 தாள். ‘தாள்கள்’ என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. வினாத்தாள், விடைத்தாள், ரூபாய்த்தாள் எல்லாம் எண்ணக்கூடியவைதானே? காலையில் வருவது நாளிதழ், ஆய்வாளர் எழுதுவது கட்டுரை. அப்புறம் அந்த அரியர்? ஆசிரியர் தகுதித் தேர்விலேயே தாள் 1, தாள் 2 என்றுதான் இருக்கிறது. ‘மூணு தாள் பாக்கி’ என்று தாராளமாகச் சொல்லலாம்.