பார்ஷியல் டிஸ்சார்ஜ்: தமிழில் பகுதி மின்னிறக்கம்

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் டிரான்ஸ்ஃபார்மர் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இது வெறும் ‘பி.டி.’ தான். ‘இந்த காயில்-ல (சுருளில்) பி.டி. வருது’ என்றால் எல்லோருக்கும் புரிந்துவிடும். புதிதாகச் சேர்ந்த டிப்ளமோ பையன் ‘அப்படின்னா என்னண்ணா?’ என்று கேட்டால் மட்டும் ‘உள்ளே லீக் ஆகுது தம்பி’ என்று பதில் வரும். தமிழில் எழுதும்போதும் இதே குழப்பத்தில் ‘மின்கசிவு’ என்று போட்டுவிடுகிறார்கள். கசிவு என்பது இடைவிடாமல் ஓடும் சிறு மின்னோட்டம். பி.டி. விட்டு விட்டுத் தெறிக்கும் நுண்பொறி. ஒவ்வொன்றும் கண்ணிமைப்பதற்குள் பல்லாயிரம் முறை வந்துபோகும் அளவுக்குக் குறுகியது.

டிஸ்சார்ஜ் பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அதன் அடியில் இருப்பது வண்டியைக் குறிக்கும் ‘காரஸ்’ என்ற லத்தீன் வேர். வண்டியிலிருந்து சுமையை இறக்குவதுதான் முதல் பொருள். நம் பாடநூல்களில் உள்ள ‘மின்னிறக்கம்’ அதற்கு அருமையாகப் பொருந்துகிறது. சிக்கல் ‘பார்ஷியல்’ என்பதில்தான். ‘பகுதியளவு’ என்றால் பேட்டரி பாதி இறங்கியதுபோல் தோன்றும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.இ.சி. 60270 தரநிலை சொல்வது வேறு: இரண்டு கடத்திகளுக்கு நடுவே உள்ள மின்காப்பில் (இன்சுலேஷனில்) ஒரு பகுதியை மட்டும் தாண்டும் மின்னிறக்கம். இடத்தைத்தான் குறிக்கிறது, அளவை இல்லை. அதனால் ‘பகுதி மின்னிறக்கம்’ என்பதே சரி.

மின்காப்பாக ஊற்றி இறுகவைக்கும் எபாக்சி பிசின் வார்ப்பில் ஒரு சிறு காற்றுக்குமிழ் சிக்கிவிட்டது என்று வையுங்கள். எபாக்சியின் மின்காப்பு மாறிலி ஏறக்குறைய 4, காற்றினுடையது 1. குமிழ் தட்டையாக, மின்புலத்துக்குக் குறுக்கே கிடந்தால் அதற்குள் மின்புலம் சுமார் நான்கு மடங்காகும். தாங்கும் வலிமையோ காற்றுக்குத்தான் குறைவு. ஆகவே சுற்றிலும் எபாக்சி உறுதியாக நிற்கும்போதே குமிழுக்குள் மட்டும் பொறி பறக்கிறது. (இந்தக் குமிழை ‘வெற்றிடம்’ என்று எழுதாதீர்கள். உள்ளே வாயு இருப்பதால்தான் இந்த வினையே.) மாறுதிசை மின்னழுத்தத்தில் ஒவ்வொரு சுற்றிலும் இது திரும்பத் திரும்ப நடக்கும். எலெக்ட்ரான்கள் சுவரில் மோதும், ஓசோன் உண்டாகும், பாலிமர் பிணைப்புகள் அறும். பிறகு நுண்குழாய்கள் கிளைவிட்டு வளரும். அதற்கு ‘மின்கிளைப்பு’ என்று சொல்லலாம். ஒரு கிளை எதிர்முனையைத் தொட்டால் காப்பு முறிந்துவிடும். காப்பு எண்ணெயாக இருந்தால் அந்த இடத்தில் புதிதாக வந்து நிரம்பும். திடக்காப்பில் ஏற்பட்ட காயம் அப்படியே நிற்கும். உயர்மின்னழுத்த ஜெனரேட்டர் சுருள்களில் இன்றும் மைக்காவை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம், அது இந்தத் தாக்குதலை நன்றாகத் தாங்குகிறது.

கொரோனாவும் இதில் ஒரு வகைதான்: கூர்முனையைச் சுற்றிய காற்றில் நடப்பது. பாடநூலில் ‘ஒளிவட்ட மின்னிறக்கம்’. திடப்பொருளுக்குள் நடப்பதை அந்தப் பெயரால் சொல்லக் கூடாது.

பி.டி.யை அளப்பது பிக்கோ கூலூமில் (மின்னூட்டத்தின் அலகான கூலூமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). குமிழுக்குள் நகர்ந்த உண்மையான மின்னூட்டத்தை யாராலும் நேரடியாக அளக்க முடியாது. முனைகளில் தெரிவது ‘தோற்ற மின்னூட்டம்’. எண்ணெய் இல்லாத உலர்வகை டிரான்ஸ்ஃபார்மருக்கு ஐ.இ.சி. 60076-11 தரும் உச்ச வரம்பு 10 பிக்கோ கூலூம்.