வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும்: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் எப்படி வேலை செய்கிறது?

"ஆட்டோமேட்டிக் காரின் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்ற வேண்டுமா? ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியில் மாற்றினால் கியர்பாக்ஸே போய்விடும், தொடாமல் விடுவதுதான் நல்லது என்கிறார்களே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இந்தப் பயம் பலருக்கும் இருக்கிறது. பதில் சொல்வதற்கு முன்னால், அந்த ஆயில் உள்ளே என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடலாம். என்ஜின் ஆயில் மாதிரி இதுவும் ஒரு மசகு எண்ணெய்தானே என்று நினைப்பதில்தான் குழப்பமே ஆரம்பிக்கிறது.

மேனுவல் வண்டியில் நம் காலும் கையும் செய்கிற வேலையை, டார்க் கன்வெர்ட்டர் உள்ள வழக்கமான ஆட்டோமேட்டிக்கில் ஆயில் செய்கிறது. என்ஜினின் சுழற்சி முதலில் டார்க் கன்வெர்ட்டருக்குள் போகிறது. என்ஜினோடு சேர்ந்து சுழலும் இறக்கைகள் ஆயிலை வீசி அடிக்க, எதிரே இருக்கும் இறக்கைகள் அந்த வேகத்தை வாங்கிக்கொண்டு சுழல்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஆற்றலைக் கடத்துவது ஆயில்தான். கியரில் இருக்கும்போதே பிரேக்கை மிதித்து நின்றாலும் என்ஜின் அணைந்துவிடாமல் இருப்பது இதனால்தான். ஜெர்மன் பொறியாளர் ஹெர்மான் ஃபோட்டிங்கர் 1905-இல் இந்த உத்திக்குக் காப்புரிமை பெற்றது கப்பல்களை மனதில் வைத்து. அதிவேகமாகச் சுழலும் நீராவி டர்பைனின் ஆற்றலை, மெதுவாகச் சுழல வேண்டிய ப்ரொப்பல்லருக்குக் கொண்டுபோக ஒரு வழி தேவைப்பட்டது. கார்களுக்கு அது வந்து சேர்ந்தது வெகு காலம் கழித்து.

டார்க் கன்வெர்ட்டருக்குப் பின்னால் ப்ளானட்டரி கியர்கள்: நடுவில் ஒரு பற்சக்கரம், அதைச் சுற்றிச் சில சிறு பற்சக்கரங்கள், எல்லாவற்றையும் சூழ்ந்து ஒரு பல்வளையம். எந்தச் சக்கரத்தை நிறுத்திப் பிடிக்கிறோம், எதை எதோடு இணைக்கிறோம் என்பதைப் பொறுத்து கியர் மாறும். பிடிப்பதும் விடுவதும் கிளட்ச் அடுக்குகளின் வேலை. பம்ப் ஆயிலை அழுத்த, வால்வு பாடி அதை வேண்டிய கிளட்சுக்குத் திருப்பிவிட, அங்கே ஒரு பிஸ்டன் தட்டுகளை நெருக்குகிறது. உண்டாகும் சூட்டைக் கூலருக்குச் சுமந்து போவதும் அதே ஆயில், பேரிங்குகளையும் கியர்ப் பற்களையும் காப்பதும் அதே ஆயில். எந்த ஹைட்ராலிக் எந்திரத்திலும் இப்படித்தான் இருக்கும். எனக்கு எத்தனை முறை படித்தாலும் சலிக்காத இடம் அந்தக் கிளட்ச் தட்டுகளுக்கு நடுவில் இருக்கிறது.

ஒரு தட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். மெல்லிய எஃகு வளையம், இரண்டு பக்கமும் பழுப்பு நிறத்தில் ஒரு படலம் ஒட்டியிருக்கும். அது ஒரு வகைக் காகிதம். செல்லுலோஸ் இழைகளும் அராமிட் போன்ற செயற்கை இழைகளும் கலந்து, பிசினில் ஊறவைத்து, சூட்டில் கெட்டிப்படுத்திய காகிதம். உள்ளே முழுக்க நுண்துளைகள். மேலே ஆயில் ஓடுவதற்கென்று வெட்டிய பள்ளங்கள். இப்படி ஒரு காகிதத் தட்டு, அடுத்து ஒரு வழுவழுப்பான எஃகுத் தட்டு, மறுபடி காகிதம், மறுபடி எஃகு என்று அடுக்கியிருப்பார்கள். முழு அடுக்கும் எப்போதும் ஆயிலில் நனைந்தே இருக்கும். ஒன்றரை டன், இரண்டு டன் வண்டியை நகர்த்தும் விசை இந்தக் காகிதத்தின் வழியாகத்தான் போகிறது.

இங்கேதான் முரண்பாடு. எண்ணெய் என்றாலே வழுக்குவது. கிளட்ச் என்றாலே பிடிப்பது. எண்ணெயில் நனைந்த கிளட்ச் எப்படிப் பிடிக்கும்?

பிஸ்டன் நெருக்கத் தொடங்கும்போது தட்டுகளுக்கு நடுவே ஆயில் ஒரு கனமான படலமாக இருக்கிறது. தட்டுகள் ஒன்றையொன்று இன்னும் தொடவில்லை. ஆயிலின் பிசுபிசுப்பு மட்டும் ஒன்றின் சுழற்சியை மற்றதற்கு இழுத்துக் கொடுக்கிறது. அழுத்தம் ஏற ஏற ஆயில் பிதுங்கி, பள்ளங்கள் வழியாகவும் காகிதத்தின் துளைகளுக்குள்ளும் போய்விடுகிறது. அப்புறம் காகித இழைகளின் முனைகள் எஃகைத் தொடுகின்றன. அந்தத் தொடுபுள்ளிகளில் மிஞ்சியிருப்பது ஆயில் என்று சொல்லும் அளவுக்குக்கூட இல்லை. சுமார் 2 நானோமீட்டர் உயரத்துக்கு ஒரே ஓர் அடுக்கு மூலக்கூறுகள், அவ்வளவுதான்.

அந்த மூலக்கூறுகளை ஆயிலில் வேண்டுமென்றே கலக்கிறார்கள். உராய்வு மாற்றிகள் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை, ஒரு நீண்ட வால். தலை துருவத்தன்மை கொண்டது, உலோகப் பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். வால் ஒரு ஹைட்ரோகார்பன் சங்கிலி. தலைகள் எஃகில் ஊன்றிக்கொள்ள, வால்கள் எல்லாம் வெளிப்பக்கமாக நெருக்கியடித்து நிமிர்ந்து நிற்கும். கியர் மாறும்போது உங்கள் முதுகு உணர்வது, அல்லது எதையுமே உணராமல் போவது, இந்த அடுக்கைப் பொறுத்தது.

பள்ளிக்கூடத்தில் படித்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: நிலை உராய்வு அதிகம், இயக்க உராய்வு குறைவு. சாதாரணமாக இரண்டு பரப்புகள் உரசி நிற்கப் போகும் தறுவாயில் உராய்வு கூடும். உடனே பிடித்துக்கொள்ளும், இழுவிசை சேரும், பிய்த்துக்கொண்டு வழுக்கும், மறுபடி பிடிக்கும். இரும்பு நாற்காலியைத் தரையில் இழுத்தால் கிறீச்சிட்டுத் துள்ளித் துள்ளி வருமே, அதேதான். கிளட்சுக்குள் அப்படி நடந்தால் கார் முழுக்க அதிரும்.

ஆகவே இயல்புக்கு நேர்மாறான ஓர் உராய்வு வேண்டும். வழுக்கும் வேகம் குறையக் குறைய உராய்வும் கொஞ்சம் குறைய வேண்டும். வேகம் கூடினால் உராய்வும் கூட வேண்டும். அப்படி இருந்தால் அதிர்வு தலையெடுக்கும்போதே அடங்கிவிடும்: தட்டு சற்று வேகமாக வழுக்கினால் உராய்வு கூடி அதை இழுத்துப் பிடிக்கும், சற்று மெதுவானால் உராய்வு குறைந்து விட்டுக்கொடுக்கும். மெதுவான வேகத்தில் அந்த மூலக்கூறு அடுக்கு எளிதில் வழுக்கிக் கொடுத்து உராய்வைத் தாழ்த்தி வைக்கிறது. அதே சமயம் அளவு மீறிவிடவும் கூடாது. உராய்வு மாற்றி அதிகமானால் கியர் விழுந்த பிறகும் தட்டுகள் நழுவும், வண்டி இழுக்காது. ஆயில் தயாரிக்கும் வேதியியலாளர்களின் திறமை முழுவதும் இந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. இன்றைய கியர்பாக்ஸ்களில் இது இன்னும் கடினம். என்ஜின் அதிர்வு உள்ளே வராமல் இருக்க டார்க் கன்வெர்ட்டரின் இரண்டு பக்கத்தையும் நேரடியாக இணைக்கும் லாக்-அப் கிளட்சை முழுதாகப் பூட்டாமல் நிமிடத்துக்குச் சில பத்து சுற்றுகள் வழுக்க விடுகிறார்கள். ஒரு சில நொடிகளுக்கு என்று இருந்த சோதனை, நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கணக்கில் நீள்கிறது.

உராய்வு மாற்றியின் வேலையை ஒரு காலத்தில் செய்துகொண்டிருந்தது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய். 1970-இல் அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தை அழிந்துவரும் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்து, அதன் எண்ணெய் நாட்டுக்குள் வருவதைத் தடுத்தது. அதற்குப் பிறகுதான் கியர்பாக்ஸ் ஆயில்கள் செயற்கை மூலக்கூறுகளுக்கு மாறின. கார் கியர் மாறுவதற்காகக் கடலில் ஓர் உயிர் சாக வேண்டியிருந்த நிலைமையை ஆய்வகத்தில் உட்கார்ந்து மாற்றியவர்களை நாம் கொண்டாடுவதே இல்லை. எனக்கு அது பெரிய குறை.

சரி, இந்த ஆயில் ஏன் கெடுகிறது? முதல் காரணம் சூடு. ஆக்சிஜனோடு சேர்ந்து எண்ணெய் மெல்ல மெல்ல அமிலமாகவும் பிசினாகவும் மாறும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் இந்த வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலின் பழைய கணக்கு. மலைப்பாதையில் சுமையோடு ஏறும் வண்டிக்கும் நெரிசலில் ஊரும் வண்டிக்கும் ஆயில் சீக்கிரம் மூப்படைவது அதனால்தான். உராய்வு மாற்றிகளும் இதில் சிதைகின்றன. பிசுபிசுப்பைத் தாங்கிப் பிடிக்கும் நீளமான பாலிமர் சங்கிலிகள் கியர்ப் பற்களுக்கு நடுவே நசுங்கி அறுந்துபோகின்றன. காகிதத்தின் துளைகளைப் பிசின் அடைக்கிறது. ஒரு கட்டத்தில் உராய்வு பழைய இயல்புக்குத் திரும்பிவிடும். சீரான வேகத்தில், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துப் போகும்போது, வரிவரியான சாலையில் ஏறியது போல ஓரிரு நொடி தடதடவென்று அதிரும். டயர், என்ஜின் மவுண்ட் என்று தேடிக்கொண்டிருப்பார்கள். பல சமயம் புதிய ஆயில் ஊற்றினாலே அது நின்றுவிடுகிறது, காகிதம் கருகியிருக்காத வரைக்கும்.

வாசகரின் பயத்துக்கு வேர் அந்தக் 'கருகியிருக்காத வரைக்கும்' என்பதில்தான் இருக்கிறது. பலர் ஆயிலை நினைப்பதே கியர் நழுவ ஆரம்பித்த பிறகு, ஜெர்க் அடிக்க ஆரம்பித்த பிறகு. அதற்குள் காகிதம் தேய்ந்து முடிந்திருக்கும். ஆயிலை மாற்றுகிறார்கள், சில வாரத்தில் கியர்பாக்ஸ் படுக்கிறது, பழி ஆயில்மேல் விழுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். பழைய ஆயிலில் மிதக்கும் தூள்தான் பிடிப்பைத் தந்துகொண்டிருந்தது என்று ஒரு வாதம் உண்டு. அந்தத் தூளே தட்டிலிருந்து உதிர்ந்த காகிதம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அது எதற்கு ஆதாரம் என்று புரியும். ஒன்றில் மட்டும் இந்தப் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. வெகுநாள் தொடாத பெட்டியில் எந்திரம் வைத்து அழுத்தத்தோடு கழுவினால், ஓரத்தில் படிந்திருந்த கசடு கிளம்பி வால்வு பாடியின் மெல்லிய துளைகளில் போய் உட்காரலாம். அப்படிப்பட்ட வண்டியில் வடித்து ஊற்றுவதே நல்லது.

"ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்று சில கார்க் கையேடுகளில் இருப்பதும் உண்மை. ஆனால் பல கார் நிறுவனங்களுக்கு கியர்பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவர் சொல்வதைக் கேட்பேன் நான்.

உராய்வு, தேய்மானம், மசகு மூன்றையும் ஆராயும் துறைக்கு ட்ரைபாலஜி என்று பெயர். 1966-இல் பிரிட்டன் அரசுக்குப் பொறியாளர் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு கொடுத்த அறிக்கை, இந்த அறிவை ஒழுங்காகப் பயன்படுத்தினால் ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சம் என்று கணக்குக் காட்டியது. உலகில் செலவாகும் ஆற்றலில் சுமார் 20 சதவீதம் உராய்வை வெல்வதற்கே போகிறது என்று 2017-இல் ஹோல்ம்பெர்க், எர்டெமிர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் மதிப்பிட்டார்கள். இவ்வளவு பெரிய பங்கைத் தின்னும் ஒன்றைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு விஞ்ஞானிகள் அலைய வேண்டியிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இனி மாற்றும் வேலை. கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான ஆயில் பானின் போல்ட்டைக் கழற்றினால் மொத்த ஆயிலும் வந்துவிடாது; டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் கூலரிலும் நிறையத் தங்கிவிடும். 8 லிட்டர் பிடிக்கும் பெட்டியில் 3.2 லிட்டர் வடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை மாற்றினால் புதிய ஆயில் 40 சதவீதம். கொஞ்ச தூரம் ஓட்டிக் கலந்த பிறகு மறுபடி வடித்து ஊற்றினால் 64, மூன்றாவது முறை 78. கழற்றும்போது முதலில் மேலே ஊற்றும் துளையின் போல்ட் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே கை வைக்க வேண்டும். கீழே வடித்துவிட்டு மேலே துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

பானின் உள்ளே காந்தங்கள் இருக்கும். அவற்றின்மேல் சாம்பல் நிறத்தில் குழைவான பசை படிந்திருந்தால் கவலை வேண்டாம், அது வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் சிம்பு வந்தால் ஏதோ உடைந்திருக்கிறது.

அளவு பார்ப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஆயில் சூட்டில் விரியும். 8 லிட்டர் ஆயில் 50 டிகிரி சூடேறினால் சுமார் 300 மில்லி கூடுதல் இடம் எடுத்துக்கொள்ளும். அதனால் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கையேடு சொல்லும் வெப்பநிலையில்தான் பார்க்க வேண்டும். பல பெட்டிகளில் அது 40 டிகிரியை ஒட்டி இருக்கும். குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். கூடினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரையால் பிஸ்டனை அழுத்த முடியாது. ஆயிலின் சிவப்பு நிறத்தை நம்பி வாங்கவும் வேண்டாம். அது வெறும் சாயம். இரண்டு சிவப்பு ஆயில்களின் உராய்வுக் குணம் முற்றிலும் வேறாக இருக்கலாம். கையேட்டில் போட்டிருக்கும் தர எண்தான் கணக்கு.

கடைசியாக, கியர்பாக்ஸின் கணினி ஒவ்வொரு கிளட்சுக்கும் எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம் என்று பழைய ஆயிலை வைத்துக் கற்று வைத்திருக்கும். ஆயில் மாற்றிய பிறகு பல வண்டிகளில் ஸ்கேனர் மூலம் அந்தக் கணக்கை அழித்துவிட்டு, எல்லா கியரும் விழும்படி நிதானமாகக் கொஞ்சம் ஓட்டச் சொல்வார்கள். அதுவரை கியர் மாறுவது லேசாக முரடாகத் தெரிந்தால் பதற வேண்டாம், அது கற்றுக்கொண்டிருக்கிறது.