பயந்து நடந்தால் ஏன் விழுகிறோம்?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் மழைக்கு ஒதுங்கி நடந்தவர்களுக்கு கடை வரிசைக்கு முன்னால் கூரையின் கீழ் ஓடும் அந்த ஐந்தடிப் பாதைகள் எப்படி இருக்கும் என்று தெரியும். ஒரு கடைக்கும் பக்கத்துக் கடைக்கும் தரை ஒரே மட்டமாக இருக்காது, நடுவில் திடீரென்று ஒரு படி வரும், ஈரம் பட்டால் வழுக்கும். போன வருஷம் அங்கேதான் என் அம்மா விழுந்தார். வயது 74. எலும்பு முறியவில்லை, முழங்கையில் சிராய்ப்பு, இடுப்பில் ஒரு வாரம் வலி, அவ்வளவுதான். ஆனால் அதற்கப்புறம் பசாருக்குப் போகவில்லை, வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போகவில்லை. நாங்களும் "நீங்க உட்காருங்கம்மா, நாங்க பார்த்துக்கிறோம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். ஆறு மாதம் கழித்து வீட்டுக் கூடத்தில், காய்ந்த தரையில், மறுபடி விழுந்தார்.

காய்ந்த தரையில் எப்படி விழ முடியும் என்ற கேள்விதான் என்னைத் தேடிப் படிக்க வைத்தது.

நாம் நேராக நிற்கும்போதுகூட உடம்பு லேசாக ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. கண், உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு, பாதத்திலும் மூட்டிலும் தசையிலும் இருக்கும் உணர்வு நரம்புகள், இவை மூன்றும் அனுப்பும் செய்தியை வைத்து மூளை அந்த ஆட்டத்தை நமக்குத் தெரியாமலே சரிசெய்கிறது. வயதாக ஆக மூன்றும் கொஞ்சம் மங்கும். நீண்ட நாள் சர்க்கரை நோய் இருந்தால் பாதத்தின் உணர்வு இன்னும் குறையலாம்.

இதற்கு மேல் பயம் வந்து உட்காரும்போது என்ன ஆகிறது? ஆட்களை உயரமான மேடையின் விளிம்பில் நிற்க வைத்துச் செய்த சோதனைகளில், கணுக்காலின் முன்பக்கத் தசையும் பின்பக்கத் தசையும் ஒரே நேரத்தில் இறுகுவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆட்டம் சின்னதாகி, வேகமாகிறது. பார்ப்பதற்கு இது பாதுகாப்பாகத்தான் தெரியும், ஆனால் இறுகிய உடம்பு ஒரு தடுக்கலோ தள்ளலோ வரும்போது வளைந்து கொடுத்து மீள்வது கடினம். நடையும் மாறிவிடும். அடி குட்டையாகும், மெதுவாகும். பயப்படுகிற முதியவர் காலை வைக்கப்போகும் இடத்தைக் கால் பதிவதற்கு முன்பே விட்டுவிட்டு அடுத்த ஆபத்தைத் தேடிக் கண்ணை நகர்த்திவிடுவதையும் ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள், அதனால் கால் சரியான இடத்தில் விழுவதில்லை.

எனக்கு நெஞ்சில் தைத்தது கவனம் பற்றிய பகுதிதான். நடை என்பது யோசிக்காமல் நடக்க வேண்டிய வேலை. பயம் வந்தால் ஒவ்வோர் அடியையும் யோசித்து வைக்கிறோம், மற்ற எதற்கும் மனதில் இடம் மிஞ்சுவதில்லை. 1997-இல் சுவீடனில் வந்த ஓர் ஆய்வில், நடந்துகொண்டிருக்கும்போது பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடுகிற முதியவர்கள், அடுத்த ஆறு மாதத்தில் மற்றவர்களைவிட அதிகமாக விழுந்திருக்கிறார்கள். அம்மா கூடத்தில் விழுந்தபோது, நான் அடுப்படியிலிருந்து அவரைக் கூப்பிட்டிருந்தேன்.

இன்னொன்று, உட்கார்ந்தே இருப்பதால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிற சேதம். சராசரி 67 வயதுள்ள ஆரோக்கியமானவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தபோது, கால்களில் மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ சதை கரைந்திருந்தது. அம்மா படுக்கையில் இல்லை, நாற்காலியில்தான் இருந்தார், ஆனால் ஆறு மாதம். அன்போடு நாங்கள் சொன்ன "உட்காருங்க" அவர் கால் பலத்தைக் குறைத்திருக்கிறது.

அப்படியென்றால் தைரியமாக இருந்தால் போதுமா? போதாது. சிட்னியில் 70 முதல் 90 வயது வரையுள்ள 500 பேரிடம், உடம்பு உண்மையில் எவ்வளவு தள்ளாடுகிறது, அவர்கள் எவ்வளவு பயப்படுகிறார்கள் என்று இரண்டையும் தனித்தனியாக அளந்து 2010-இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இரண்டும் பொருந்தவில்லை: உடம்பு நன்றாக இருந்தும் பயந்தவர்கள் உண்டு, தள்ளாட்டம் இருந்தும் பயப்படாதவர்களும் உண்டு. விழுவதில் உடம்பின் நிலைக்கும் பங்கு இருந்தது, பயத்துக்கும் தனியாகப் பங்கு இருந்தது. ஆகவே பயத்தை மட்டும் பேசித் தேற்றிவிட்டு, சாமி மாடத்து விளக்கை எடுக்க ஸ்டூலில் ஏற விடுவதும் தப்பு. கால் பலமும் நம்பிக்கையும் சேர்ந்து வளர வேண்டும், அதற்குப் பயிற்சி வேண்டும். நிறைய ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வந்த மதிப்பீட்டில், உடற்பயிற்சி செய்தவர்கள் விழுவது சுமார் 23 சதவீதம் குறைந்திருந்தது, அதிலும் சமநிலைப் பயிற்சிக்குத்தான் நல்ல பலன். பூங்காக்களில் காலையில் சீனப் பெரியவர்கள் செய்கிற தாய் சீ அந்த வகைதான். கூடவே கண்ணையும், தூக்க மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரைகளையும் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும்.

அம்மாவுக்குப் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தது ரொம்ப எளிது. சோறு வேகிற நேரத்தில் சிங்க் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, அப்புறம் ஒற்றைக் காலில் சில நொடிகள். மூன்று மாதம் ஆனதும் மறுபடி ஐந்தடிப் பாதைக்குக் கூட்டிப் போனேன். கையைப் பிடிக்கவில்லை, பக்கத்தில் மட்டும் நடந்தேன். முதல் படியில் நின்றார், கீழே பார்த்தார், இறங்கினார். பூக்கடை வரும்போது, மல்லிகை என்ன விலை என்று நடந்துகொண்டே கேட்டார்.