செயலியைத் தின்னும் செயலியா? ப்ராசஸுக்கு ஒரு தமிழ்ச் சொல்

"செயலியை அதிகம் எடுக்கும் செயல்முறைகளைக் கண்காணித்து அந்தச் செயலிகளை நிறுத்தவும்." இந்த மாதிரி வரிய லினக்ஸ் வழிகாட்டிகள்ல எத்தன தடவ படிச்சாச்சு. முதல் செயலி ப்ராசஸர், ரெண்டாவது செயலி ஆப், நடுவுல வர்ற செயல்முறைதான் ப்ராசஸாம். படிக்கிறவன் எத நிறுத்தணும்னு தெரியாம முழிக்கணும்.

ப்ராசஸ்ங்கிற சொல்லோட வேர் பாத்தா லத்தீன்ல 'முன்னே போறது', அவ்ளோதான், அங்கேருந்து 'படிப்படியா நடக்கிற வேலை'ன்னு ஆச்சு. அந்தப் பொதுவான பொருளுக்குச் செயல்முறைன்னு சொன்னா எனக்குச் சண்ட இல்ல. ஆனா லினக்ஸ்ல டிஸ்க்ல சும்மா கிடக்கிற நிரல், அதாவது ப்ரோக்ராம், மெமரிக்கு ஏறி, தனக்குன்னு பிஐடின்னு ஒரு அடையாள நம்பர் வாங்கினா அதுதான் ப்ராசஸ். ஒரே ப்ரவுசர் பத்து ப்ராசஸா ஓடும், அதுல ஒண்ணே ஒண்ணு ப்ராசஸரோட ஒரு கோர் முழுசையும் 100 சதவீதம் பிடிச்சு வச்சிருக்கும். இதுல 'முறை' எங்க வந்துச்சு? முறைன்னா செய்யுற விதம், அத எப்படிய்யா கில் பண்ணி நிறுத்துறது?

இன்னொரு கோஷ்டி செயலாக்கம்ங்கிறாங்க. அது ப்ராசஸிங்குக்குப் பொருத்தம், தரவுச் செயலாக்கம்னா புரியுது, ஆனா '210 செயலாக்கங்கள் உறங்குகின்றன'ன்னு ஸ்க்ரீன்ல வந்தா நமக்கே கொட்டாவி வருது.

நாம வாயால கேக்குறது 'என்ன ஓடுது பாரு'ன்னுதானே? அப்போ ஓடுநிரல்னு வச்சுக்கலாமே. ஓடுதளம் மாதிரி வினைத்தொகை. தூங்குற ப்ராசஸும், செத்தும் பட்டியல்ல பேரு மட்டும் நிக்கிற ஜாம்பியும் ஓடலயேன்னு ஒருத்தர் மடக்கினாரு. வினைத்தொகைக்குள்ள மூணு காலமும் ஒளிஞ்சிருக்கு சார்: ஓடி முடிஞ்ச நிரல் ஜாம்பி, ஓடுற நிரல் டாப்ங்கிற ப்ராசஸ் பட்டியல்ல 'ஆர்'னு நிக்கிறது, இனி ஓடப்போறது 'எஸ்'னு தூங்குறது. இலக்கணமே நமக்கு வேல பாத்துக் குடுத்திருக்கு.

செயலிய ப்ராசஸருக்கே விட்டுடுங்க, நுண்செயலின்னு முன்னாடியே புழங்கின சொல்தான். ஆப்ப ஆப்புன்னே சொல்லலாம், ஆனா ஆப்புன்னா வேற அர்த்தம் வந்துடும்னு மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பயம் போல.

இது வெறும் சொல் சண்டைன்னு நெனச்சா லாக் எடுக்கும்போது தெரியும். ராத்திரி சர்வர் திணறினது எதனாலன்னு பாக்க க்ரான்ங்கிற தானா வேலைய ஓட்டுற வசதில, ப்ராசஸ்களப் பட்டியல் போடுற பிஎஸ் கட்டளைய நிமிஷத்துக்கு ஒரு தடவ ஓடவிட்டு ஃபைல்ல சேக்குறோம்னு வைங்க, நிரல் பேர மட்டும் எழுதினா அந்தப் பத்து ப்ரவுசர் ப்ராசஸ்ல எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க, நேரமும் பிஐடியும் கூடவே வேணும். பிஎஸ் காட்டுற ப்ராசஸர் சதவீதம் வேற அந்த ஓடுநிரல் பொறந்ததுலேருந்து எடுத்த சராசரி, நாள்கணக்கா சும்மா இருந்துட்டு இப்பத்தான் வெறி பிடிச்சதுன்னா அதுல சின்னதாத்தான் தெரியும், அதுக்கு அப்பப்ப எடுக்கிற அளவக் காட்டுற பிட்ஸ்டாட் கட்டளை தேவல. இந்தச் சதவீதம் வர்ற பத்திக்குத் தமிழ்ல என்ன தலைப்பு வைக்கிறாங்க தெரியுமா, 'செயலிப் பயன்பாடு'. பயன்பாடும் அப்ளிகேஷனுக்கு வைக்கிற பேருதான். ஆப்போட ஆப்பா, ப்ராசஸரோட உபயோகமா, நீங்களே சொல்லுங்க.