படைக்கே அம்மை குத்திய தளபதி

1776 மே மாதத்தில், நியூயார்க்கில் முகாமிட்டிருந்த அமெரிக்க விடுதலைப் படைக்கு ஜார்ஜ் வாஷிங்டனின் தலைமையகத்திலிருந்து ஓர் ஆணை வந்தது. எந்த அதிகாரியாவது தமக்குப் பெரியம்மை குத்திக்கொண்டால் அவர் பதவி பறிக்கப்பட்டுப் படையிலிருந்து துரத்தப்படுவார். அவருடைய பெயர் செய்தித்தாளிலும் அச்சேறும். ஒன்பது மாதங்கள் கழித்து, 1777 பிப்ரவரியில், அதே வாஷிங்டன் தம் படைவீரர்கள் அனைவருக்கும் அம்மை குத்தும்படி மருத்துவர் வில்லியம் ஷிப்பனுக்கு எழுதினார். இரண்டு ஆணைகளும் பேசிய மருத்துவம் ஒன்றுதான். அது உடலுக்குள் எப்படி வேலை செய்தது என்று தெரிந்துகொண்டால், ஒரே மனிதர் அதை முதலில் தடுத்ததற்கும் பிறகு கட்டாயமாக்கியதற்கும் காரணம் விளங்கிவிடும்.

நம் வீடுகளில் 'அம்மை குத்துதல்' என்றால் தடுப்பூசி என்றே பொருள். ஐம்பது வயதைத் தாண்டிய பலரின் கையில் அந்த வட்டத் தழும்பை இன்றும் பார்க்கலாம். அந்த ஊசியில் இருந்தது பெரியம்மை வைரஸ் அன்று, அதற்கு உறவான, தீங்கு குறைந்த வேறொரு வைரஸ். எட்வர்டு ஜென்னர் என்ற ஆங்கில மருத்துவர் அந்த வழியைச் சோதித்துக் காட்டியதே 1796இல்தான். 1775இல் தொடங்கி 1783இல் முடிந்த அமெரிக்க விடுதலைப் போரில் வீரர்களின் கையில் ஏற்றப்பட்டது அசல் பெரியம்மையே. அந்த வகையில் பார்த்தால் 'அம்மை குத்துதல்' என்ற சொல் தடுப்பூசியைவிட அவர்களுக்கே மிகச் சரியாகப் பொருந்தும்.

முறை எளியது. நோயாளியின் முற்றிய கொப்புளத்திலிருந்து சீழை எடுத்து, நூலில் தோய்த்தோ கத்தி நுனியில் ஏந்தியோ, நலமாக இருப்பவரின் மேற்கையில் இலேசாகக் கீறிய இடத்தில் வைத்துக் கட்டுவார்கள். உயிர்க்கொல்லி நோயை வேண்டுமென்றே உடலில் ஏற்றியும் பெரும்பாலோர் பிழைத்தது, நோய் நுழைந்த வழி மாறியதால்தான். இயல்பாகத் தொற்றும்போது வைரஸ் மூச்சோடு தொண்டைக்கும் நுரையீரலுக்கும் செல்கிறது; அங்கிருந்து ஓசையின்றி நிணநீர்க் கணுக்களுக்கும் மண்ணீரலுக்கும் பரவி, ஏறத்தாழ 12 நாள் வரை ஓர் அறிகுறியும் காட்டாமல் பெருகிவிட்டு, பிறகே காய்ச்சலாக வெளிப்படுகிறது. அதற்குள் உடலெங்கும் வைரஸ் நிறைந்திருக்கும். நோயுற்றவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரை இறந்தார்கள்.

தோலில் கீறி ஏற்றும்போது வைரஸ் முதலில் அந்தக் கீறலைச் சுற்றியே பெருகுகிறது. தோலில் காவல் அணுக்கள் அடர்த்தியாக இருப்பதால் அவை உடனே விழித்துக்கொண்டு, அக்குளில் உள்ள நிணநீர்க் கணுவுக்குச் செய்தி கொண்டு செல்கின்றன. வைரஸ் இரத்தத்தில் பெருமளவில் கலப்பதற்குள் அதற்கு எதிரான அணுக்களும் புரதங்களும் உருவாகத் தொடங்கிவிடுகின்றன. குத்திக்கொண்டவருக்குக் காய்ச்சல் சற்று முன்னதாகவே, எட்டாம் நாள் வாக்கில் வந்துவிடும்; ஆனால் கொப்புளங்கள் குறைவாகவே தோன்றும், இறப்பும் நூற்றுக்கு ஒன்றிரண்டாகக் குறைந்துவிடும். 1721இல் பாஸ்டன் நகரில், ஒனசிமஸ் என்ற ஆப்பிரிக்க அடிமை சொல்லித்தான் காட்டன் மேத்தர் என்ற பாதிரியார் இந்த முறையை அறிந்து பரப்பினார். அந்த ஆண்டு அங்கே இயல்பாக நோய் கண்ட ஏறத்தாழ 5,900 பேரில் 844 பேர் இறந்தார்கள். குத்திக்கொண்ட இருநூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்களில் இறந்தவர்கள் 6 பேர்.

இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. குத்திக்கொண்டவருக்கு நோய் இலேசாக இருந்தாலும், அவரிடமிருந்து பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தொற்றுவது முழு வேகத்தோடு கூடிய இயல்பான பெரியம்மை. கொப்புளங்கள் காய்ந்து பொருக்கு உதிரும் வரை அவர் ஒதுங்கியிருக்க வேண்டும். நெருக்கமான முகாமில் ஒருவர் திருட்டுத்தனமாகக் குத்திக்கொண்டாலும் நூறு பேருக்கு ஆபத்து. மே மாதத் தடையின் கடுமைக்கு இதுவே காரணம்.

எதிரிகளான பிரிட்டிஷ் வீரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. பெரியம்மை ஓயாமல் புழங்கிய ஊர்களில் வளர்ந்த அவர்களில் பலர் சிறுவயதிலேயே நோய் கண்டு பிழைத்தவர்கள். சிதறிக் கிடந்த பண்ணைகளிலிருந்து வந்த அமெரிக்க இளைஞர்களோ நோயை முன்பின் கண்டதில்லை. வாஷிங்டன் விதிவிலக்கு, 1751இல், 19 வயதில், பார்படோஸ் தீவில் அவருக்கு அம்மை போட்டிருந்தது, முகத்தில் தழும்பும் இருந்தது. 1775 குளிர்காலத்தில் கனடாவின் கியூபெக் நகரை முற்றுகையிட்ட அமெரிக்கப் படையைப் பெரியம்மை தின்று தீர்த்தது. தலைமை ஏற்கச் சென்ற தளபதி ஜான் தாமஸும் 1776 ஜூன் 2 அன்று அதற்கே பலியானார். பிரிட்டானியர், கனடியர், பழங்குடியினர் அனைவரையும் சேர்த்தாலும் அவர்களைவிடப் பெரியம்மை பத்து மடங்கு கொடியது என்று அந்த மாதம் அமெரிக்க விடுதலைத் தலைவர்களில் ஒருவரான ஜான் ஆடம்ஸ் தம் மனைவிக்கு எழுதினார்.

ஆகவே 1777 தொடக்கத்தில் வாஷிங்டன் முன் இருந்த கேள்வி, வீரர்கள் நோயுறுவார்களா என்பதன்று, எப்போது நோயுறுவது தமக்கு வசதி என்பதுதான். டிரென்டன், பிரின்ஸ்டன் வெற்றிகளுக்குப் பிறகு படை மோரிஸ்டவுனில் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தது. பெரிய சண்டை வசந்தம் வரை வராது. அதைவிட முக்கியமாக நான் கருதுவது ஆள்சேர்ப்பு விதியில் வந்த மாற்றம். அதுவரை ஓராண்டுக்குச் சேர்ந்துகொண்டிருந்தவர்கள் இப்போது மூன்றாண்டுக்கோ போர் முடியும் வரைக்கோ சேர்ந்தார்கள். ஓராண்டு வீரரிடம் ஒரு மாதத்தை இழப்பது பெரும் நட்டம். மூன்றாண்டு வீரரிடம் அது தாங்கக்கூடியது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முகாமை அடையும் முன்பே பிலடெல்பியா போன்ற இடங்களில் குத்தினார்கள். பாதிப் படை படுத்திருப்பது எதிரிக்குத் தெரிந்தால் எல்லாம் பாழாகும் என்பதால் செய்தி வெளியே கசியாமல் காத்தார்கள்.

கனெக்டிகட் வீரர்கள் 400 பேருக்கு அந்த ஆண்டு மே கடைசியில் ஹட்சன் ஆற்றை ஒட்டிய பழைய பாசறை ஒன்றில் குத்தினார்கள். காவலுக்கு மாசச்சூசெட்ஸ் வீரர்கள். மருந்துச் சாமான்கள் ஒரு குடியானவரின் களஞ்சியத்தில். குத்திக்கொண்டவர்களில் 16 வயதுச் சிப்பாயாக இருந்த ஜோசப் பிளம் மார்ட்டின், தங்களில் ஒருவரும் சாகவில்லை என்றும், அதற்குத் தங்கள் ஒழுங்கான நடத்தை காரணமன்று, நல்ல காலமே காரணம் என்றும் பின்னாளில் எழுதினார். அவர் பதினாறாம் நாள் மருத்துவமனையை விட்டு வெளியேறியவர்.

ஆணை எல்லாரையும் எட்டிவிடவில்லை. அடுத்த குளிர்காலத்தில் வேலி ஃபோர்ஜ் முகாமில் எண்ணிப் பார்த்தபோது 3,000க்கும் மேற்பட்டவர்களுக்கு அம்மை கண்டிருக்கவில்லை. மறுபடியும் கத்தியை எடுத்தார்கள். 1781இல் யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை முற்றுகையிடப்பட்டபோது நோய் மறுபக்கம் இருந்தது. அடிமைத்தனத்திலிருந்து விடுதலை கிடைக்கும் என்று நம்பிப் பிரிட்டிஷ் படையோடு சேர்ந்திருந்த கறுப்பின மக்களிடையே பெரியம்மை பரவ, உணவு குறைந்ததும் தளபதி கார்ன்வாலிஸின் படை அவர்களை அரணுக்கு வெளியே துரத்திவிட்டது. காட்டில் ஆங்காங்கே கிடந்த அவர்களின் உடல்களைக் கடந்துதான் அமெரிக்க வீரர்கள் நடந்தார்கள். மார்ட்டினும் அந்த வீரர்களில் ஒருவர்.