ஊர்ச்சாலைக்கு வரும் பணம் எப்படிப் பிரிகிறது?

“ரோட்டுக்குக் கோடிக்கணக்கில் ஒதுக்கியாச்சுன்னு பேப்பர்ல வருது, நம்ம தெருவில் மட்டும் ஏன் குழி?” கிராமசபையில் இந்தக் கேள்வி எழாத ஊர் அநேகமாக இருக்காது. யாரோ சாப்பிட்டுவிட்டார்கள் என்பது உடனே கிடைக்கும் பதில். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். பல இடங்களில் சங்கதி வேறு: அந்தப் பணம் நம் ஊராட்சிக் கணக்குக்கு வரவேண்டிய பணமே இல்லை.

முதலில் சாலை யாருடையது என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஊருக்குள் ஓடும் தெருவும் குக்கிராமத்துக்குப் போகும் சிறு சாலையும் பெரும்பாலும் கிராம ஊராட்சியின் பதிவேட்டில் இருக்கும். ஓர் ஊரை இன்னோர் ஊரோடு இணைக்கும் சாலை ஊராட்சி ஒன்றியத்துடையதாக இருக்கும். பேருந்து ஓடும் பெரிய சாலை ‘மாவட்ட இதர சாலை’ என்று நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கலாம். மூன்றும் ஒரே ஊரில் அடுத்தடுத்து வருவதுண்டு. ஆலமரம் வரை ஊராட்சி, அதைத் தாண்டினால் ஒன்றியம். அந்த எல்லையில் விழுந்த குழியை இரண்டு தரப்பும் “அவங்களோடது” என்று சொல்லிவிடும்.

சரி, பணத்துக்கு வருவோம். உள்ளாட்சிகளுக்கு ஆண்டுதோறும் வரும் நிதிக்கு இரண்டு பெரிய வாய்க்கால்கள். ஒன்று மாநில நிதிக்குழு மானியம். மாநில அரசின் சொந்த வரி வருவாயில் ஒரு பங்கை உள்ளாட்சிகளுக்குத் தர வேண்டும்; எவ்வளவு, யார் யாருக்கு என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமையும் குழு பரிந்துரைக்கும். 2017-22 காலத்துக்கான ஐந்தாவது மாநில நிதிக்குழுவின் கணக்கை எடுத்துப் பார்த்தால் பங்கீடு புரியும். நிகர வரி வருவாய் 100 ரூபாய் என்றால் உள்ளாட்சிகளுக்கு 10 ரூபாய். அதில் கிராமப்புறத்துக்கு 56 சதவீதம், அதாவது 5 ரூபாய் 60 காசு. அதை மாவட்ட ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், கிராம ஊராட்சி மூன்றும் 8:37:55 என்று பிரித்துக்கொண்டன. கிராம ஊராட்சிகளின் கைக்கு வந்தது 3 ரூபாய் 8 காசு. அதைத்தான் 12,500-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் பங்கு போட வேண்டியிருந்தது.

அந்தக் கடைசிப் பங்கு எப்படிப் போகிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். மக்கள்தொகைக்கே பெரும் எடை. பரப்பளவு, பட்டியலின மற்றும் பழங்குடி மக்களின் எண்ணிக்கை போன்றவையும் சேரும். எத்தனை கிலோமீட்டர் சாலை இருக்கிறது, அதில் எவ்வளவு பெயர்ந்து கிடக்கிறது என்பதற்கு அதில் இடமில்லை. நெருக்கமாக வீடுகள் உள்ள ஊராட்சியில் 3,000 பேருக்கு 4 கிலோமீட்டர் சாலை போதும். தோட்டத்துக்குத் தோட்டம் வீடு சிதறிக் கிடக்கும் ஊராட்சியில் அதே 3,000 பேருக்கு 20 கிலோமீட்டர் தேவைப்படலாம். மானியம் மட்டும் ஏறத்தாழ ஒன்றுதான். பரப்பளவுக்குத் தரும் எடை இந்த இடைவெளியைக் கொஞ்சம்தான் நிரப்பும். என்னைக் கேட்டால் சாலை நீளத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வந்த பணமும் நேராகத் தாருக்குப் போவதில்லை. தெருவிளக்கு, மோட்டார் கரண்ட் பில், தண்ணீர்த் தொட்டி இயக்குபவர் சம்பளம், தூய்மைப் பணி எல்லாம் முன்னால் வரிசையில் நிற்கின்றன. மிச்சத்தில் குழிக்கு ஒட்டுப் போடலாம், சிறுபாலத்தைச் சரி செய்யலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது வாய்க்கால் மத்திய நிதிக்குழு மானியம். 15ஆவது நிதிக்குழுவின் 2021-26 காலத்தில் தமிழ்நாட்டின் பங்கைக் கிராம ஊராட்சிக்கு 80, ஒன்றியத்துக்கு 15, மாவட்ட ஊராட்சிக்கு 5 சதவீதம் என்று பிரித்தார்கள். ஆனால் அதில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிவைத்த பணம். சாலையில் போட முடியவில்லை. மீதி 40-ல் சாலை வேலை எடுக்க முடிந்தது. இன்னொரு நிபந்தனையும் உண்டு: தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்க வேண்டும். 2016 முதல் 2019 வரை இங்கே ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடக்காமல் இருந்தபோது மத்திய மானியம் நின்றுபோனதற்குக் காரணம் இதுதான்.

அப்போ பேப்பரில் வரும் கோடிகள்? அவை பெரும்பாலும் திட்டப் பணம். முதல்வரின் கிராம சாலைகள் மேம்பாட்டுத் திட்டத்தை 2023 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவித்தபோது சொன்ன அளவு 10,000 கிலோமீட்டர், 4,000 கோடி ரூபாய். வகுத்தால் கிலோமீட்டருக்குச் சராசரி 40 லட்சம். ஊராட்சியின் மிச்சப் பணத்தில் ஏன் புதுச்சாலை போட முடியாது என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடும். இந்தப் பணத்தை எல்லா ஊராட்சிக்கும் சமமாகப் பிரிப்பதில்லை. சாலை சாலையாகத் தேர்வு நடக்கிறது. பட்டியலில் நம் சாலை ஏறவில்லை என்றால் நமக்கு ஒரு ரூபாயும் இல்லை.

பிரதமரின் கிராம சாலைத் திட்டம் 2000 டிசம்பரில் தொடங்கியது. இப்போது மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று செலவைப் பகிர்கின்றன. அதில் போட்ட சாலை என்றால் ஒரு நல்ல விஷயம்: முதல் ஐந்தாண்டுப் பராமரிப்பு, போட்ட ஒப்பந்ததாரர் பொறுப்பு. சாலை தொடங்கும் இடத்தில் நிற்கும் பலகையைப் படித்துப் பாருங்கள். நீளம், முடித்த தேதி இவற்றோடு, முதலாண்டு இவ்வளவு, இரண்டாம் ஆண்டு இவ்வளவு என்று பராமரிப்புத் தொகையும் எழுதியிருக்கும். பல ஊர்களில் அதன்மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கும் என்பது வேறு கதை. ஐந்தாண்டு முடியாத சாலைக்கு ஊராட்சியிடம் பணம் கேட்டு அலைய வேண்டியதில்லை.

மனு எழுதும்போது ஒரு சின்ன விவரம். ஒன்றிய அலுவலகத்தில் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) இரண்டு பேர்: ஒருவர் கிராம ஊராட்சி, இன்னொருவர் வட்டார ஊராட்சி. ஊராட்சிச் சாலை என்றால் முதலாமவர், ஒன்றியச் சாலை என்றால் இரண்டாமவர். சாலையின் பெயரைப் பதிவேட்டில் உள்ளபடியே, எங்கிருந்து எதுவரை என்று எழுதுங்கள். ஒட்டுப் போடவா, முழுதாகப் புதுப்பிக்கவா என்பதையும் பிரித்துக் கேளுங்கள். முன்னது ஊராட்சிப் பணத்தில் முடியும். பின்னதற்கு கிராமசபையில் தீர்மானம் போட்டு, ஒன்றியப் பொறியாளர் தயாரிக்கும் பட்டியலில் சாலை ஏறிவிட்டதா என்று பின்தொடர வேண்டும்.