குப்பை எரிந்த பிறகு

சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் குப்பைக் குழாயின் மூடியைத் திறந்து மூட்டையைத் தள்ளினால் 'தொப்' என்று ஒரு சத்தம். நம் வேலை அத்தோடு முடிந்தது. துவாஸில் உள்ள குப்பை எரிப்பாலையில் வேலை அதற்குப் பிறகுதான்.

வழியிலேயே ஒரு வம்பு உண்டு. லாரி குப்பையை நசுக்கும்போது உள்ளே பழைய பவர்பேங்க் இருந்தால் அதன் லித்தியம் மின்கலம் நசுங்கித் தீப்பிடிக்கும். 2021 ஜூலையிலிருந்து 300 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மின்பொருள் கடைகள் இவற்றைத் திரும்பப் பெற வேண்டும் என்பது சட்டம். மூட்டைக்குள் ஒளித்துப் போடுவதை எந்தச் சட்டம் பார்க்கும்?

ஆலையின் குப்பைக்குழியில் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்றுக் குறைவு. அதனால் காற்று உள்ளே போகுமே தவிர நாற்றம் வெளியே வராது. உலைக்குள் ஊதுவதும் அதே காற்றைத்தான். கிரேன் ஓட்டுநர் குப்பையை அள்ளி அள்ளிப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருப்பார். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் ஈர மூட்டைகளே ஒரே பிடியில் விழுந்தால் உலைச்சூடு சட்டென்று இறங்கும். 850 டிகிரிக்குக் கீழே போனால் குப்பை அரைவேக்காடாக எரிந்து கார்பன் மோனாக்சைடும் டையாக்சின் என்ற நச்சும் கிளம்பும்.

டையாக்சின் பொல்லாதது. உலையில் சிதைந்தாலும், புகை ஆறி ஏறத்தாழ 400 முதல் 200 டிகிரிக்குள் வரும்போது, சாம்பல் துகளில் உள்ள செம்பு வினையூக்கியாகி அதை மறுபடி உருவாக்கிவிடும். ஆகவே சூட்டைக் கூட்டினால் மட்டும் போதாது. அமில வாயுக்களை அடக்கப் புகையில் சுண்ணாம்புத் தூளைத் தூவி, பிறகு துணிப்பை வடிகட்டிகளில் செலுத்துகிறார்கள். பையில் சின்னக் கிழிசல் விழுந்தாலும் நுண்தூசி நேராகப் புகைபோக்கிக்குப் போய்விடும்.

குப்பையின் கன அளவில் சுமார் 90 விழுக்காடு இப்படிக் குறைகிறது. ஈயமும் காட்மியமும் எரிந்து அழிவதில்லை. சாம்பலில், அதிலும் வடிகட்டியில் சிக்கும் நுண்சாம்பலில், செறிந்துவிடுகின்றன. நச்சு ஒழிந்தது என்பதைவிட, கையில் பிடிக்கும் அளவுக்குச் சுருங்கியது என்பதே சரி.

இரும்பைப் பிரித்தெடுத்த பிறகு, சாம்பல், மூடிய படகுகளில் இரவில் செமாக்காவ் தீவின் குப்பை நிரப்பிடத்துக்குப் போகிறது. 1999இல் திறந்த அந்த நிரப்பிடத்தைச் சுற்றி 7 கிலோமீட்டர் கல்லணை. கசிவு கடலில் கலக்காதிருக்க அதில் நீர் புகா விரிப்பும் கடற்களிமண்ணும். அருகே நட்ட சதுப்புநில மரங்கள்தான் கூடுதல் காவல்: கசிவு இருந்தால் அவை வாடிக் காட்டிக்கொடுக்கும். இதுவரை பச்சையாகத்தான் நிற்கின்றன. இடம்தான் தீர்கிறது, 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது கணக்கு.